நாடகமும் இசைநாடகமும் கலந்த ஒரு சீசனைத் திட்டமிடுவது எப்படி: அமெச்சூர் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

குழுப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள் முதல் கூட்டத்தில் கேட்பது, "இந்த வருஷம் என்ன நாடகம் போடலாம்?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை. அதை அவ்வளவு சீக்கிரம் கேட்பதுதான் தப்பு. நாடகத்தின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டால், பிறகு வருகிற எல்லாவற்றையும் அந்தப் பெயருக்காக வளைக்க வேண்டியிருக்கும். இல்லாத பாடகரைத் தேடி அலைவோம், கொள்ளாத செட்டை மேடைக்குள் திணிப்போம், கிடைக்காத தேதிக்காகக் கெஞ்சுவோம்.

அதனால் இந்த வழிகாட்டியில் நாடகத்தின் பெயர் நான்காவது படியில்தான் வரும். சீசன் என்று நான் சொல்வது ஒரே வருடத்தில் மூன்று அல்லது நான்கு தயாரிப்புகள், அதில் ஒன்றாவது இசைநாடகம். எல்லோரும் வேலை முடித்து மாலையில் வந்து ஒத்திகை பார்க்கிறவர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது என்று வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் சில விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: போன சீசனின் வரவு செலவு, அரங்கின் அளவு வரைபடம், கிட்டங்கியில் உள்ள உடை மற்றும் செட் பட்டியல், அப்புறம் முதல் காட்சிக்குக் குறைந்தது எட்டு மாதம். இசைநாடகம் இருந்தால் அதற்கு மட்டும் பத்து மாதம். மேடையேற்றும் உரிமத்துக்கும் அரங்கத் தேதிக்கும் காத்திருப்பதிலேயே பாதி காலம் போய்விடும்.

1. முதலில் ஆட்களை எண்ணுங்கள்

மூன்று பட்டியல் போடுங்கள். மேடையில் நடிப்பவர்கள், பாடக்கூடியவர்கள், மேடைக்குப் பின்னால் நிற்பவர்கள். மூன்றாவது பட்டியல்தான் உங்கள் சீசனின் உண்மையான அளவு. நடிக்க நாற்பது பேர் வருவார்கள். செட் அடிக்க நான்கு பேர்தான் வருவார்கள். அந்த நான்கு பேர் வருடத்தில் எத்தனை செட் அடிக்க முடியுமோ, அத்தனை தயாரிப்புதான் உங்களுக்கு.

ஒருவர் பெயர் மேடைப் பட்டியலிலும் பின்னணிப் பட்டியலிலும் வந்தால் ஒன்றில் அடித்துவிடுங்கள். கதாநாயகனே லைட்டையும் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு முதல் ஒத்திகை வரைதான் ஓடும்.

பாடக்கூடியவர்கள் பட்டியலில் வெறும் பெயர் போதாது. ஒவ்வொருவரின் குரலும் கீழே எதுவரை, மேலே எதுவரை போகும் என்று ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. "நல்லா பாடுவார்" என்பதை மட்டும் நம்பி இசைநாடகம் எடுத்துவிட்டு, கடைசிப் பாட்டின் உச்ச ஸ்வரம் யாருக்கும் எட்டாமல் திண்டாடிய அனுபவம் எனக்கு உண்டு. சுருதியை இறக்கலாமே என்று தோன்றும். உரிமம் பெற்ற இசைநாடகத்தில் அதற்கும் அனுமதி கேட்க வேண்டும். வாத்தியக் குழு இருந்தால் எல்லாருடைய தாளையும் மாற்றி எழுத வேண்டும்.

இன்னொன்று. பெரும்பாலான அமெச்சூர் குழுக்களில் நடிகர் தேர்வுக்கு ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் வருகிறார்கள். ஆனால் பழைய நாடகங்களில் ஆண் பாத்திரங்கள்தான் அதிகம். இந்த இடைவெளி எத்தனை பேர் என்று இப்போதே எழுதி வையுங்கள். நான்காவது படியில் முதல் வடிகட்டி இதுதான்.

2. அரங்கை டேப் வைத்து அளந்து பாருங்கள்

மேடையின் அகலம், ஆழம், உயரம் மட்டும் போதாது. பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் எவ்வளவு இடம், பின்பக்கமாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பார்வையாளர் கண்ணில் படாமல் போக வழி உண்டா, செட் உள்ளே வரும் கதவின் அகலம் எவ்வளவு, மின்சாரம் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதெல்லாம் வேண்டும். கதவு அளவைக் கேட்காமல் அழகான படிக்கட்டு ஒன்றைச் செய்து, வாசலிலேயே இரண்டாக அறுத்த குழுவில் நானும் இருந்திருக்கிறேன்.

இசைநாடகத்துக்கு இன்னும் இரண்டு கேள்விகள். வாத்தியக்காரர்கள் எங்கே உட்காருவார்கள்? வாத்தியக் குழுவை நடத்தும் கண்டக்டரை நடிகர்கள் பார்க்க முடியுமா? மேடைக்குப் பக்கத்து அறையில்தான் இடம் என்றால், கண்டக்டரைக் கேமராவில் பிடித்து, அரங்கின் பின்சுவரிலோ பால்கனி முகப்பிலோ ஒரு திரையில் காட்ட வேண்டும். அந்தக் கம்பி ஓடும் வழியையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

அரங்கத்தோடு பேசும்போது காட்சி நாட்களை மட்டும் கேட்காதீர்கள். செட் ஏற்றும் நாள், லைட் கட்டும் நாள், முழு உடை ஒத்திகை, பிரிக்கும் நாள் எல்லாம் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். புதியவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளை எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் செட்டோடு வந்து நிற்பார்கள். நடிகர்கள் அந்த மேடையில் முதல் முறை நடப்பதே பார்வையாளர் முன்னால் என்றாகிவிடும்.

3. நாள்காட்டியைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

ஒத்திகைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பிரதியின் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். 80 பக்க நாடகம் என்றால் 80 மணி நேரம். வாரத்துக்கு நான்கு மாலை, மாலைக்கு மூன்று மணி நேரம் என்று போட்டால், ஏழு வாரத்தில் 84 மணி நேரம் கிடைக்கும். இசைநாடகத்துக்குப் பாட்டும் ஆட்டமும் சேர்வதால் 12 வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வருடத்தின் 52 வாரத்தில் அடுக்கிப் பாருங்கள். ஏழு வார நாடகம் இரண்டு, ஆறு வாரத்தில் முடியும் சிறிய நாடகம் ஒன்று, 12 வார இசைநாடகம் ஒன்று. ஒத்திகை மட்டும் 32 வாரம். ஒவ்வொன்றுக்கும் காட்சிகளுக்கு இரண்டு வாரம், பிரித்து மூச்சுவிட ஒரு வாரம். மொத்தம் 44. மீதி எட்டு வாரம் நடிகர் தேர்வு, திருவிழா, விடுமுறைக்குப் போய்விடும். ஐந்தாவது தயாரிப்பு ஒன்றைச் சேர்த்தால் இரண்டு ஒத்திகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஒரே நான்கு பேர் ஒரு செட்டைப் பிரித்துக்கொண்டே இன்னொன்றை அடிக்க வேண்டிவரும். சிறிய குழு வருடத்துக்கு நான்கோடு நிற்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

நிரப்பும்போது திரை தூக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: உடை ஒத்திகை, தொழில்நுட்ப ஒத்திகை, புத்தகம் இல்லாமல் நடிக்க வேண்டிய நாள், முதல் வாசிப்பு, நடிகர் தேர்வு, உரிமம் கையில் வர வேண்டிய நாள். முன்னாலிருந்து நிரப்பினால் எல்லோரும் ஆரம்ப வாரங்களுக்குத் தாராளமாக நாள் ஒதுக்குவார்கள். நெருக்கடி முழுவதும் கடைசி வாரத்தின் தலையில் விழும்.

இசைநாடகத்தைச் சீசனின் முதல் தயாரிப்பாக வைக்காதீர்கள். குழு இன்னும் சூடு பிடித்திருக்காது, கையில் பணமும் இருக்காது. அதற்கு முன்னால் ஆட்கள் குறைவான, ஒரே செட்டில் நடக்கும் நாடகம் இருக்கட்டும். சின்னத் தயாரிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இசைநாடகத்தின் தேர்வை நடத்திவிடலாம்.

4. இப்போது நாடகத்தைத் தேடுங்கள்

ஐந்து பேர் கொண்ட வாசிப்புக் குழு போதும். அதில் ஒருவராவது செட் அடிப்பவர்களிலிருந்து வர வேண்டும். இயக்குநர்கள் மட்டும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால் ஏழு இடங்களில் நடக்கும் நாடகமும் எளிதாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு பிரதிக்கும் ஒரே மாதிரி தாள் ஒன்றை நிரப்புங்கள்: ஆண், பெண், வயது வாரியாகப் பாத்திரங்கள், ஒருவரே இரண்டு வேடம் போட முடியுமா, எத்தனை இடங்கள், எந்தக் காலத்து உடை, குழந்தைகள் உண்டா, மேடையில் சமையல், தண்ணீர், துப்பாக்கி உண்டா. இதை முதல் மூன்று படிகளில் எழுதி வைத்தவற்றோடு ஒப்பிட்டால், முப்பது பிரதியில் இருபது தானாகவே விழுந்துவிடும். மிஞ்சிய பத்தில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மிஞ்சியவற்றைச் சத்தமாக, ஆளுக்கொரு பாத்திரமாகப் படியுங்கள். மௌனமாகப் படிக்கும்போது சிரிப்பு வந்த வசனம் வாயில் வராமல் போவதும், தட்டையாகத் தெரிந்த காட்சி குரலில் எழுந்து நிற்பதும் சாதாரணம்.

இசைநாடகத்தை ஒலிப்பதிவைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது ரொம்பப் பரவலான தவறு. பதிவில் கேட்பது தொழில்முறைப் பாடகர்களும் பெரிய வாத்தியக் குழுவும். உங்களுக்கு வேண்டியது இசைத்தாள். எத்தனை வாத்தியம், கோரஸ் எத்தனை குரலாகப் பிரிகிறது, பாட்டுக்கு நடுவே உடை மாற்ற எத்தனை நொடி என்பதெல்லாம் அதில்தான் தெரியும். உரிம நிறுவனங்கள் பார்வைக்கென்று பிரதி தருவதுண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

சீசனை மொத்தமாகவும் ஒரு முறை பாருங்கள். மூன்றும் சோகம் என்றால் மூன்றாவதுக்கு யாரும் வர மாட்டார்கள். முன்னணிப் பாத்திரம் மூன்றிலும் முப்பது வயது ஆண் என்றால், உங்கள் குழுவின் ஐம்பது வயதுக்காரர்கள் அடுத்த வருடம் வேறு குழுவில் இருப்பார்கள். மாற்று நாடகம் ஒன்றையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். அடுத்த படியில் அது தேவைப்படலாம்.

5. உரிமம் கைக்கு வரும் வரை வாய் திறக்காதீர்கள்

ஒரு நாடகத்தை டிக்கெட் இல்லாமல் இலவசமாகப் போட்டால் அனுமதி வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் போதும் என்றும் நினைக்கிறார்கள். இரண்டாவது தவறு. முதலாவதும் பல நாடுகளில் தவறு; இந்தியச் சட்டத்தில் அமெச்சூர் குழு பார்வையாளரிடம் காசு வாங்காமல் போடும் காட்சிக்கு விலக்கு உண்டு. படிக்கும் உரிமை வேறு, மேடையேற்றும் உரிமை வேறு.

காப்புரிமைக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நாடுகள் உட்பட பல இடங்களில் எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை. இந்தியாவில் 60 ஆண்டு. அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்ற தனிக் கணக்கு உண்டு. எந்த நாட்டில் மேடையேற்றுகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டம்தான் உங்களுக்கு. ஷேக்ஸ்பியர் (1616), செகாவ் (1904), இப்சன் (1906), சங்கரதாஸ் சுவாமிகள் (1922) ஆகியோர் மறைந்த ஆண்டுகளைப் பார்த்தால் அவர்களின் மூலப் பிரதிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

"மூலப் பிரதி" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை உண்டு. செகாவ் இறந்து நூறாண்டு தாண்டிவிட்டது. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ்ப் பிரதியை மொழிபெயர்த்தவர் உயிரோடு இருக்கலாம். புதிய தழுவலுக்கும் இதேதான். இசைநாடகத்தில் கதை, பாடல் வரி, இசை மூன்றும் மூன்று பேருடையதாக இருக்கலாம், மூன்றும் தீர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆங்கில நாடகங்களுக்கும் இசைநாடகங்களுக்கும் கன்கார்ட் தியேட்ரிகல்ஸ், மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்கள் உரிமம் தருகின்றன. தமிழ் நாடகம் என்றால் பெரும்பாலும் நேரடியாக எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்க வேண்டும். வாயால் "தாராளமா போடுங்க" என்று சொன்னாலும், எத்தனை காட்சி, எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று எழுதி வாங்கிவிடுங்கள். பிற்பாடு குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு வந்தால் உங்கள் காட்சிதான் நிற்கும்.

விண்ணப்பத்தில் அரங்கின் இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் விலை, காட்சிகளின் எண்ணிக்கை கேட்பார்கள். இரண்டாவது படியையும் மூன்றாவது படியையும் முடிக்காமல் இதை நிரப்ப முடியாது. அனுமதி மறுக்கப்படவும் செய்யலாம். தொழில்முறைக் குழு ஒன்று அதே நாடகத்தோடு அந்தப் பக்கம் வருவதாக இருந்தால் அமெச்சூர் உரிமத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். இதனால்தான் மாற்று நாடகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அனுமதி வரும் முன்பே சுவரொட்டி அடித்த ஒரு குழு, எல்லாச் சுவரொட்டியிலும் காகிதம் ஒட்டிப் பெயரை மாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். அனுமதி இல்லாமல் வசனத்தை வெட்டக் கூடாது, ஆண் பாத்திரத்தைப் பெண் பாத்திரமாக மாற்றக் கூடாது, காட்சியைப் படம்பிடிக்கக் கூடாது, எழுத்தாளர் பெயரை இன்ன அளவில் போட வேண்டும் என்றெல்லாம் இருக்கும். குறிப்பாகப் படம்பிடிப்பது. பேத்தி ஆடுவதைப் பாட்டி கைபேசியில் எடுத்து இணையத்தில் போட்டாலும், கேள்வி குழுவிடம்தான் வரும்.

6. செலவை டிக்கெட்டில் எண்ணுங்கள்

பட்ஜெட்டைப் பணமாக எழுதினால் யாருக்கும் உறைக்காது. ஒவ்வொரு செலவையும் ஒரு டிக்கெட்டின் விலையால் வகுத்து, "இதற்கு எத்தனை டிக்கெட்" என்று எழுதிப் பாருங்கள்.

உதாரணத்துக்கு 150 இருக்கை அரங்கு, ஆறு காட்சி. மொத்தம் 900 இருக்கை. பாதிதான் நிரம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 450 டிக்கெட். இப்போது செலவு: அரங்கு 120 டிக்கெட், உரிமம் 90, செட் 70, ஒலியும் ஒளியும் 60, உடை 50, விளம்பரம் 30. கூட்டினால் 420. அப்பாடா என்று தோன்றும். எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம், அதாவது 42 சேர்த்தால் 462. தாண்டிவிட்டது. இலவசப் பாஸ்களை இன்னும் கழிக்கவே இல்லை.

இந்த நிலையில் "அறுபது சதவீதம் நிரம்பும்னு போட்டுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். செட்டைக் குறையுங்கள், அல்லது உடையைக் கிட்டங்கியிலிருந்து எடுங்கள். வரவைத் தாளில் கூட்டுவது சுலபம். வாசலில் அது நடக்காது.

எந்தச் செலவு ஒரு முறை, எது காட்சிக்குக் காட்சி என்று இரண்டு பத்தியாகப் பிரித்து வையுங்கள். செட் ஒரு முறை. அரங்க வாடகையும் உரிமக் கட்டணமும் பெரும்பாலும் ஒவ்வொரு காட்சிக்கும். இது பிரிந்திருந்தால்தான் கூடுதல் காட்சி போடுவதா வேண்டாமா என்பதற்குப் பதில் தெரியும். இசைநாடகத்தில் இசைத்தாள் வாடகை, முன்பணம், ஒத்திகைக்குப் பியானோ வாசிப்பவர், கம்பியில்லா மைக், அதன் பேட்டரி என்று தனி வரிகள் உண்டு. பேட்டரியைச் சிரிக்காமல் எழுதுங்கள். பன்னிரண்டு மைக், மைக்குக்கு இரண்டு, ஆறு காட்சி என்றால் 144. உடை ஒத்திகைகளுக்கு வேறு.

முப்பது பேர் நடிக்கும் தயாரிப்புக்கு முப்பது குடும்பம் வரும். இரண்டு பேர் நடிக்கும் நாடகத்துக்கு அந்தக் கூட்டம் இல்லை. அதனால் சின்ன நாடகத்துக்குப் பாதி அரங்கு என்பதும் அதிகம், மூன்றில் ஒரு பங்கு என்று போடுங்கள்.

7. நடிகர்களுக்கு முன் பின்னணிக் குழு

இயக்குநர், ஸ்டேஜ் மேனேஜர், செட், ஒளி, ஒலி, உடை, மேடைப் பொருட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதியாக வேண்டும். இசைநாடகத்துக்கு இசை இயக்குநரும் நடன இயக்குநரும் கூடுதலாக. ஏதாவது ஒரு வரி காலியாக இருந்தால் நடிகர் தேர்வை அறிவிக்காதீர்கள். தேர்வு முடிந்த பிறகு யாரும் பின்னணிக்கு வர மாட்டார்கள். வேடம் கிடைக்காதவரை ஆறுதலாக உடைப் பொறுப்பில் உட்கார வைப்பதும் நல்லதல்ல.

ஸ்டேஜ் மேனேஜரை முதல் வாசிப்பிலிருந்தே உட்கார வையுங்கள். யார் எங்கிருந்து வருகிறார், எந்த வசனத்தில் எங்கே போகிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது என்று எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவைக்கும் பிரதி அவரிடம்தான் இருக்கும். இயக்குநரின் வேலை முதல் காட்சியோடு முடிகிறது, அதன் பிறகு மேடை ஸ்டேஜ் மேனேஜருடையது. கடைசி வாரத்தில் வந்து சேர்ந்தவரால் அதைச் செய்ய முடியாது.

8. நடிகர் தேர்வு

தேர்வுக்கு வருபவர் நிரப்பும் தாளில் முதல் கேள்வி நடிப்பு அனுபவம் அல்ல. எந்த நாட்களில் வர முடியாது என்பதுதான். ஒத்திகை அட்டவணையை அதே தாளில் அச்சடித்து, வராத நாட்களை வட்டமிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். "எல்லா நாளும் வருவேன்" என்று வாயால் சொன்னவருக்கு ஐந்தாவது வாரத்தில் சொந்தத்தில் கல்யாணம் வரும். தேதி வட்டமிடப்பட்டிருந்தால் அந்தக் காட்சியை வேறு நாளுக்கு மாற்றியிருக்கலாம்.

இசைநாடகத் தேர்வில் மூன்றையும் பாருங்கள்: ஒரு பாட்டின் சிறு பகுதி, கூட்டமாகக் கற்றுக்கொடுக்கும் சின்ன ஆட்டம், ஒரு காட்சி வாசிப்பு. ஆட்டத்தில் பார்க்க வேண்டியது யார் அழகாக ஆடுகிறார் என்பதல்ல, பத்து நிமிடத்தில் யார் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்பது. பாட்டும் தங்களுக்குப் பிடித்ததைப் பாடட்டும், ஆனால் அதோடு நாடகத்தின் கடினமான நான்கு வரியையும் பாட வையுங்கள்.

முன்னணிப் பாத்திரங்களுக்கு மாற்று நடிகர் ஒருவரைக் கோரஸிலிருந்தே குறித்துவிடுங்கள். மாற்று நடிகருக்கும் குறைந்தது இரண்டு ஒத்திகை தர வேண்டும். பெயரளவில் இருப்பவர் அவசரத்துக்கு உதவ மாட்டார்.

யார் தேர்வானார் என்ற முடிவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். தேர்வாகாதவர்களுக்கும்தான். மௌனத்தால் இழந்த ஆட்கள் திரும்பி வருவதில்லை.

9. ஒத்திகை

நாடகத்தில் வரிசை இப்படி: உட்கார்ந்து வாசிப்பு, மேடை நகர்வுகள், காட்சி காட்சியாக உழைப்பு, புத்தகத்தை வைத்துவிடும் நாள், முழு ஓட்டம் (நாடகத்தை நிறுத்தாமல் முதலிலிருந்து கடைசி வரை நடித்துப் பார்ப்பது). நகர்வுகளை முடிவு செய்யாமல் வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். உட்கார்ந்து மனப்பாடம் செய்த வசனம் எழுந்து நடந்ததும் மறந்துபோகும். எந்த இடத்தில் திரும்புகிறோம் என்பதோடு ஒட்டிக்கொண்ட வசனம்தான் நிற்கும்.

புத்தகத்தை வைக்கும் நாள் மொத்த ஒத்திகையின் பாதியில் வர வேண்டும். கையில் தாள் இருக்கும் வரை மேடைப் பொருளைப் பிடிக்க முடியாது, எதிரே இருப்பவரின் கண்ணையும் பார்க்க முடியாது. அந்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு ஒருவர் வசனம் எடுத்துக்கொடுக்கட்டும். அப்புறம் அதையும் நிறுத்திவிடுங்கள்.

இசைநாடகத்தில் முதல் மூன்று வாரம் பாட்டு மட்டும். ஆட்டம் கிடையாது, நடிப்பு கிடையாது. இதைச் சொன்னால் இயக்குநர்கள் முகம் வாடும். ஆனால் பாட்டு உடம்பில் இறங்காதவருக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தால், கால் சரியாக இருக்கும்போது வாய் நிற்கும், வாய் சரியானால் கால் நிற்கும். பாட்டு, அதன்மேல் ஆட்டம், அதன்மேல் நடிப்பு. இந்த வரிசையை மாற்றிய ஒவ்வொரு முறையும் கடைசி வாரத்தில் கோரஸைத் திரும்ப உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பாட்டு ஒத்திகையை ஒலிப்பதிவு செய்து ஒவ்வொரு குரல் பகுதியையும் தனியாக அனுப்புங்கள், ஒப்பந்தம் அனுமதித்தால். பின்னால் ஆடிக்கொண்டே பாட வேண்டியிருப்பதால், முதல் வாரத்திலிருந்தே மூச்சுப் பயிற்சிக்கென்று பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஒத்திகை இடத்தின் தரையில் செட்டின் அளவைக் கலர் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கதவு எங்கே, படிக்கட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியட்டும். இல்லாவிட்டால் நடிகர்கள் பெரிய ஹாலில் தாராளமாக நடந்து பழகிவிட்டு, உண்மையான மேடையில் மேசையில் இடித்துக்கொள்வார்கள்.

எல்லோரையும் எல்லா நாளும் வரவழைக்காதீர்கள். மூன்று மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்துவிட்டு இரண்டு வரி சொல்லிப் போனவர், அடுத்த வாரம் தலைவலி என்பார். நியாயம்தான்.

10. தொழில்நுட்ப வாரம்

இந்த வாரம் குழம்புவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். எல்லாவற்றையும் ஒரே இரவில் சேர்த்துப் பார்க்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.

முதலில் தாளில். இயக்குநர், ஸ்டேஜ் மேனேஜர், ஒளி, ஒலிக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரதி முழுவதும் க்யூக்களை, அதாவது விளக்கோ ஒலியோ செட்டோ மாற வேண்டிய இடங்களை, எண் போட்டு எழுத வேண்டும். அடுத்தது நடிகர்கள் இல்லாமல் மேடையில் விளக்கும் ஒலியும் செட் மாற்றமும் மட்டும். மூன்றாவதாக நடிகர்களோடு க்யூவிலிருந்து க்யூவுக்குத் தாவிச் செல்வது, நடுவில் வரும் வசனத்தை விட்டுவிடலாம். நடிகர்களுக்கு இது அலுப்பான மாலை. நடிப்பைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று இயக்குநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன் பிறகுதான் உடையோடு முழு ஓட்டம், குறைந்தது இரண்டு.

இசைநாடகத்தில் இதற்கு முன்னால் இன்னொரு படி உண்டு. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் முதல் முறையாகச் சேரும் ஒத்திகை. எல்லோரும் உட்கார்ந்து பாட வேண்டும், நடிப்போ நகர்வோ இல்லை. பல வாரம் வெறும் பியானோவோடு பழகிய காதுக்கு முழு வாத்தியக் குழு திகைப்பாக இருக்கும், தங்களுக்குப் பிடி கொடுத்த ஸ்வரம் எந்த வாத்தியத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவார்கள். அந்தத் திகைப்பை மேடையில் நடந்துகொண்டே சமாளிக்கச் சொல்லாதீர்கள்.

மைக் மாட்டுவதை முதல் காட்சி வரை தள்ளிப்போடாதீர்கள். தொப்பி, விக், வியர்வை, கட்டிப்பிடிக்கும் காட்சி எல்லாமே மைக்கின் எதிரிகள். வேகமாக உடை மாற்றும் இடங்களைத் தனியாக எடுத்து, கடிகாரம் வைத்து, அரை இருட்டில் பழகுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். படியின் விளிம்பிலும் மேடை ஓரத்திலும் இருட்டில் ஒளிரும் டேப், வெளியேறும் வழியில் எந்தப் பொருளும் இல்லை, மேடையில் நெருப்பு என்றால் அரங்கத்தாரின் எழுத்துப்பூர்வ அனுமதி. குழந்தைகள் நடித்தால் மேடைக்குப் பின்னால் அவர்களை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவர்.

11. டிக்கெட்டும் விளம்பரமும்

உரிமம் கையில் வந்த மறுநாளே முழுச் சீசனையும் அறிவித்து, எல்லாத் தயாரிப்புக்கும் சேர்த்துச் சலுகை விலையில் சீசன் டிக்கெட் விற்கத் தொடங்குங்கள். முன்பணமாக வரும் அந்தத் தொகைதான் முதல் செட்டுக்கான மரத்தை வாங்கும். தனி டிக்கெட் ஆறு வாரம் முன்னால் போதும்.

விளம்பரப் படத்துக்கு முழு உடை வரும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு நடிகர், ஒரு உடை, ஒரு நல்ல முகபாவம் போதும். இலவசப் பாஸ்களை முதல் காட்சிக்கு மட்டும் கொடுங்கள். வந்தவர்கள் வாய்வழியாகச் சொல்ல இன்னும் ஐந்து காட்சி இருக்கும்.

12. காட்சி நாட்களும் பிரிப்பும்

காட்சிக்கு அரை மணி முன்பு எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். யார் வரவில்லை என்பது கையெழுத்துத் தாளில் தெரிய வேண்டும். மேடைப் பொருட்களை மேசையில் டேப்பால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெயர் எழுதி வையுங்கள். காலியான கட்டம் கண்ணில் படும். காட்சிகள் தொடங்கிய பிறகு யாரும் புதிதாக எதையும் "மேம்படுத்த"க் கூடாது. ஒளிக்காரர் காத்திருக்கும் சொல்லை நடிகர் மாற்றினால் விளக்கு வராது.

பிரிப்பு கடைசிக் காட்சி முடிந்த அன்றே. மறுநாள் என்றால் நான்கு பேர்தான் வருவார்கள், அதே நான்கு பேர். நடித்தவர்கள் ஒப்பனையைக் கலைத்துவிட்டு ஒரு மணி நேரம் பலகை தூக்க வேண்டும் என்பதைத் தேர்வுத் தாளிலேயே எழுதிவிடுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் குப்பையில் போடுவது என்ற பட்டியல் முந்தின நாளே தயாராக இருக்கட்டும். இல்லாவிட்டால் களைப்பில் நல்ல கதவுகள் குப்பைக்கும் உடைந்த நாற்காலிகள் கிட்டங்கிக்கும் போகும்.

வாடகைக்கு வந்த இசைத்தாள்களைப் பென்சில் குறிகளை அழித்து, எண்ணிப் பார்த்து, தேதிக்குள் திருப்பி அனுப்புங்கள். ஒரு தாள் குறைந்தாலும் முன்பணத்தில் பிடிப்பார்கள். கோரஸில் பாடிய யாரோ ஒருவர் பையில் அது கட்டாயம் இருக்கும், முதலில் அங்கே தேடுங்கள்.